முன்னால் வந்ததற்கு அபராதம்

என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாடாலூரில் பெரிய ரோட்டை விட்டு எங்கள் ஊர்ச் சாலைக்குத் திரும்பும்போதே அதன் சத்தம் வீட்டுக்குக் கேட்டுவிட்டது. பாடாலூருக்கும் எங்கள் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர். வெங்காயத்தைச் சேமித்து வைக்கிற பட்டறைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்த அப்பா, கையில் பிடித்த ஓலையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாப்பா, யாரு வூட்டுக்குப் போர் போட வண்டி வருது?"

வந்தது ஒரு சிவப்புக் கார். அதிலும் ஒரு கதவு மட்டும் வெள்ளை. பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்த தடம் உடம்பெல்லாம் இருந்தது. ஆறு வருடம் ராலிப் பந்தயங்களில் ஓடி ஓய்வுபெற்ற வண்டி அது. உள்ளே ஏசி இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை, பின் சீட்டும் இல்லை. அந்த இடத்தில், வண்டி உருண்டால் கூரை நசுங்காமலிருக்க, இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்திருந்தார்கள். முன்னால் இரண்டே சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தோளிலிருந்து இரண்டு, இடுப்பிலிருந்து இரண்டு என்று நான்கு பட்டைகள்.

அம்மா காரைச் சுற்றி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி உக்கார எடமே இல்லியேடா?"

"இது உக்கார்றதுக்கு வாங்கலம்மா. ஓட்டுறதுக்கு வாங்குனது."

"உக்காராம எப்படிடா ஓட்டுவ?"

தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு அரியலூரில் கனரக வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். சிமெண்டு லாரிகளும் சுண்ணாம்புக்கல் டிப்பர்களும்தான் அவன் வாழ்க்கை. நாளெல்லாம் நாற்பதைத் தாண்டாத வண்டிகளின் அடியில் படுத்துக் கிடந்து, வெளியே வந்ததும் எதையாவது பறக்கவிட வேண்டும் போலிருக்கும் என்பான். இரண்டு வருடச் சேமிப்பையும் விற்ற பைக்கையும் சேர்த்துத்தான் இந்தக் காரை வாங்கினான். அதை யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் முந்தின நாள் சொன்னான். நான் அவனுக்கு ஐந்து வயது மூத்தவள். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். "வீட்டுல சொல்லிடாதக்கா" என்றான். நானும் சொல்லவில்லை. கார் தானே வந்து சொல்லிக்கொண்டது.

அந்தக் காரில் நான் முதன்முதலாக ஏறியதற்கு ஏழு இருபது பஸ்தான் காரணம். அது அன்றைக்கு ஏழு பதினெட்டுக்கே போய்விட்டது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு, வினாத்தாள் கட்டு என் கையில். தம்பி அரியலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏறுக்கா. பெரம்பலூர்ல எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

சேலைக்கு மேலே நான்கு பட்டைகளையும் மாட்டி அவன் இழுத்துக் கட்டியதில் எனக்கு மூச்சு முட்டியது. "இது என்னடா, சப்பரத்துல சாமியக் கட்டுற மாதிரி?" என்று கேட்டு முடிப்பதற்குள் பாடாலூர் வந்துவிட்டது. பெரிய ரோட்டில் ஏறியதும் வண்டி ஒரு தரம் கனைத்தது. அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் கோடுகள்தான். புளியமரங்கள் கோடு, நடுவிலிருந்த அரளிச் செடிகள் கோடு. தவறவிட்ட பஸ்ஸை வழியில் பிடித்தோம். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டும் போனோம். தினமும் எனக்குச் சீட்டுக் கொடுக்கிற கண்டக்டர் படியில் நின்றபடி என்னை அடையாளம் கண்டு வாயைத் திறந்தது மட்டும் தெரிந்தது.

"அக்கா, மூச்ச வுடு" என்றான் தம்பி.

பள்ளிக்குப் போய், கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் வைத்து சராசரி வேகம் என்ன என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். வந்த விடையை யாரிடமும் சொல்லாமல் தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் வாசலில் நான் இறங்கியதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். மதியத்துக்குள் எனக்கு 'ஜெட் டீச்சர்' என்று பெயராகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. பயந்தேன், ஆனால் இறங்க மனமில்லை. இரண்டும் சேர்ந்து ஒருத்திக்கு வரலாம் என்று அதுவரை தெரியாது.

அடுத்தது, பக்கத்திலிருக்கிற காரை என்ற ஊரில் நடந்தது. காரையில் செம்மண் வெளி ஒன்று இருக்கிறது. மழை அறுத்து அறுத்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். புல் பூண்டு முளைக்காது. மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் கிடைக்கும். அதற்காகவே கல்லூரிப் பிள்ளைகள் சுத்தியலும் பையுமாக வருவார்கள். தம்பி அங்கே போனது சிப்பி பொறுக்க இல்லை. "ஆளு நடமாட்டம் இல்லக்கா, மண்ணுல ஓட்டிப் பழகலாம்" என்று ஒரு விடுமுறை நாளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனான்.

முதல் அரை மணி நேரம் அருமையாகப் போனது. பின்பக்கத்தைச் சறுக்கவிட்டுத் திருப்புவது எப்படி என்று காட்டினான். செம்புழுதி எழும்பி எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பள்ளத்துக்குள் இறக்கினான். இறக்கிய நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. காய்ந்திருக்கும்போது ஓடு போலிருக்கிற அந்த மண், நனைந்ததும் சோப்பாகிவிடுகிறது. வண்டி பக்கவாட்டில் நழுவி, ஏதோ யோசனை செய்வது போல மெதுவாகப் போய், மூக்கை மண்ணுக்குள் விட்டு உட்கார்ந்துகொண்டது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிப்பி பொறுக்க வந்திருந்த பிள்ளைகள் பத்துப் பேர் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள்தான் முழங்கால் வரை செம்மண் ஆனார்கள், கார் அசையவில்லை.

கடைசியில் அப்பாவுக்கு போன் போட்டோம். டிராக்டரில் வந்தார். சங்கிலியை மாட்டினார், இழுத்தார், கழற்றினார். டிராக்டரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சும்பாங்க. அது வத்தி எவ்வளவோ காலமாச்சு. நீ இப்ப வந்து முழுகுற."

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

ஒரு சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சாலை காலியாக இருந்தது. தம்பி வழக்கம்போல மிதித்தான். நடுவிலிருந்த அரளிச் செடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆடு குதித்து வந்தது. அதன் பின்னாலேயே அதைப் பிடிக்க ஒரு வயதான அம்மாள். தம்பி பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி நேராக நிற்காமல் சுற்றியது. ஒரு முழுச் சுற்று. நின்றபோது, காரின் முன்பகுதிக்கும் அந்த அம்மாளுக்கும் இடையில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். ஆடு தப்பித்து ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தம்பி இறங்கி ஓடினான். அவர் திட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எம் மேல ஏத்தியிருந்தாக்கூடப் போவுது சாமி. அது சினை ஆடு."

அவரைக் கைத்தாங்கலாக ஓரத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆட்டைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். மீதித் தூரத்தை அவன் முப்பதில் ஓட்டினான். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டியவன் பத்து நாள் அதைத் தொடவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தான். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. "வண்டி அதுக்குள்ள கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

பதினோராவது நாள் என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, ரோட்டுல இனிமே பறக்க மாட்டேன். ஆனா எங்கயாச்சும் ஓட்டணும்க்கா. அதுக்குன்னு இருக்கிற எடத்துல ஓட்டணும்."

அப்படித் தேடியதில்தான் அந்த ராலியின் அறிவிப்பு அவன் கண்ணில் பட்டது. திருச்சியில் ஒரு மோட்டார் கிளப் நடத்துகிறதாம். பெரம்பலூரில் கிளம்பி, அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிகிறதாம். வாசித்ததும் பெயரைக் கொடுத்துவிட்டான். ஓட்டுகிறவர் பக்கத்தில் வழி சொல்ல ஒருவர் உட்கார வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ஒரு நண்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. இன்னொருவனுக்கு ஓடுகிற வண்டியில் எதையாவது படித்தால் வாந்தி வந்துவிடும்.

"நீதான் கணக்கு டீச்சராச்சே" என்றான்.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "நாளைக்கு ஒரு எடத்துலேருந்து பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு எங்கன்னு கேட்டா நான் என்னாடி சொல்றது? ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டு முந்திரிக்காட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லவா?"

"ஹெல்மெட் வேணாம்மா, இதுல" என்று தம்பி சமாதானம் சொன்னான். அது ஒன்றுதான் அவளுக்குக் குறை என்பது போல.

அது மாசி மாதம். காலை ஏழு மணிக்குப் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் இருபத்திரண்டு வண்டிகள் நின்றன. பெரும்பாலும் பளபளவென்ற புது வண்டிகள். வழி சொல்கிறவர்கள் மடியில் டேப்லெட் வைத்திருந்தார்கள். என் மடியில் நாற்பது பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்று, பி.டி. சாரிடம் கேட்டு வாங்கிய ஸ்டாப் வாட்ச் ஒன்று. அவ்வளவுதான்.

கிளம்பும் முன் விதிகளைச் சொன்னார்கள். தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. இது பந்தயமே இல்லை. வழித்தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதியில் சராசரி நாற்பது, அடுத்ததில் முப்பத்தாறு என்று வேகத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்காவது ஒளிந்து உட்கார்ந்து, கணக்குப்படி வர வேண்டிய விநாடிக்கு வண்டி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு விநாடி தாமதமானால் ஒரு புள்ளி அபராதம். ஒரு விநாடி முன்னால் வந்துவிட்டால் இரண்டு புள்ளி. அபராதம் குறைவாக இருக்கிறவர்தான் முதல்.

தம்பியிடம் வந்து சொன்னேன்.

"அதெல்லாம் சும்மா சொல்றதுக்கா. மொதல்ல வர்றவன எவனாச்சும் தோத்துட்டான்னு சொல்லுவானா?"

ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு வண்டியாக விட்டார்கள். எங்கள் முறை வந்ததும் கிளம்பினோம். சராசரி நாற்பது. நான் நோட்டைப் பார்த்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் கேட்கவில்லை. பறக்கவும் இல்லை, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் அந்தக் காரை ஐம்பதுக்குக் கீழே நடத்துவது அவனுக்குக் காளையைக் கட்டி இழுப்பது மாதிரி இருந்தது. எங்களுக்கு முன்னால் கிளம்பிய நான்கு வண்டிகளையும் ஒவ்வொன்றாக முந்தினான். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

பேரளிக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், புளியமரத்தடியில் குடையும் மேஜையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் சோதனை இடம். கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, நாலு நிமிஷம் பத்து செகண்டு முன்னாடி வந்துட்டீங்க."

"ஆமா சார்!" என்றான் தம்பி, பரிசு வாங்குகிறவன் போல.

"இருநூத்தம்பது செகண்டு" என்றேன் நான். "ஐநூறு புள்ளி அபராதம்."

கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். வகுப்பில் எப்போதாவது ஒருமுறை எடுக்கிற குரலை எடுத்தேன்.

"இனிமே நான் சொல்ற வேகத்துல போறதுன்னா போ. இல்லேன்னா நான் இங்கேயே எறங்கிக்கிறேன். ஒன்பதரைக்குப் பெரம்பலூர் பஸ் இருக்கு."

நாங்கள் முந்தி வந்த நான்கு வண்டிகளும் எங்களைத் தாண்டி ஒவ்வொன்றாகப் போயின. கடைசி வண்டியிலிருந்த ஒருவர் கையசைத்துவிட்டுப் போனார்.

"சரி, சொல்லு" என்றான்.

"முப்பத்தாறு."

அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது மெதுவாகப் போகத் தெரியாத வண்டி. இரண்டாவது கியரில் முக்கி முனகி, குலுங்கிக் குலுங்கிப் போனது. சோளத்தட்டைக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவர் மொபெட்டில் வந்தார். எங்களை முந்தினார். முந்தியவர் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

"என்னா தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளணுமா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் இப்படிப் போறீங்க?"

தம்பி என் பக்கம் கையைக் காட்டினான். அவர் குனிந்து என்னைப் பார்த்து, எல்லாம் புரிந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சோதனை இடத்தில் மூன்று விநாடி தாமதம். அரியலூரைத் தாண்டி, டிப்பர்கள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்குள் மூன்றாவது. அதில் ஒரே விநாடி. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, இதுவும் ஒரு வித்தைதான் போல" என்றான். பிறகு அவனே கேட்க ஆரம்பித்தான்: "இப்ப எவ்வளவு இருக்கோம்?" "ரெண்டு செகண்டு பின்னாடி." காலை ஒரு நூல் அழுத்துவான். "இப்ப?" "சரியா இருக்கோம்." நான் நோட்டில் கூட்டிக் கழித்துச் சொல்ல, அவன் காலால் அதைச் சரிசெய்ய, எங்களுக்குள் ஏதோ ஒன்று ஓடத் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் எப்போதும் சண்டைதான். இவ்வளவு நேரம் சண்டை போடாமல் ஒன்றாக ஒரு வேலையைச் செய்தது அன்றைக்குத்தான்.

ஜெயங்கொண்டத்தை நெருங்குகிற பகுதியில் குறுகலான கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. ஒரு சிறிய பாலத்தின் மேல் ஒரு டிப்பர் குறுக்காக நின்றிருந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு வண்டிகள் நின்றன. எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். டிப்பர் ஓட்டுநர் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

தம்பி இறங்கிப் போய் டிப்பருக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தான். அது அவன் தொழில். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"பின் ஆக்ஸில் முறிஞ்சிபோச்சு. கிரேன் வந்தாத்தான் ஆவும். மத்தியானம் ஆயிடும்க்கா."

ஓரத்துக் காட்டில் ஓர் அம்மாள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். தம்பி வேலியோரம் போய் அவரிடம் பேச்சுக் கொடுத்தான்.

"அக்கா, இந்தக் காட்டு வழியா அந்தப் பக்கத்து ரோட்டப் புடிக்கலாங்களா?"

"புடிக்கலாம். ரோடு ஊரச் சுத்திக்கிட்டுப் போவுது, இது குறுக்கு வழி. ஆனா டிராக்டருதான் போவும். காரு போவாது."

"உள்ள ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா? ஆடு மாடு மேயுதுங்களா?"

"இன்னிக்கு ஒருத்தரும் வரல. நான் மட்டுந்தான்."

"நாங்க போவட்டுங்களா?"

அவர் காரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "எம் மரத்துல இடிக்காம போறதுன்னா போங்க."

நான்கு பட்டைகளையும் அவனே வந்து எனக்கு இழுத்துக் கட்டினான். நின்றதில் ஐந்து நிமிடம் போயிருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாலை வழியாகப் போனால் ஆறு கிலோமீட்டர். காட்டு வழி இரண்டுதான் இருக்கும் என்று அந்த அம்மாள் சொன்னார். "நாலு நிமிஷத்துல தாண்டிட்டா நேரத்தப் புடிச்சிடலாம்" என்றேன்.

"நோட்ட மூடிடு. முன்னாடி பாரு. பாக்குறத மட்டும் சொல்லு."

பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

செம்மணல் தடம். தலைக்கு மேலே முந்திரிக் கிளைகள், அவற்றுக்கு நடுவே சிதறி விழுந்த வெயில். வண்டி உள்ளே இறங்கியதும் அதன் முனகல் நின்றுவிட்டது. அன்று காலையிலிருந்து அதற்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "வலது பக்கம் கிளை தாழ்வா இருக்கு." திருப்பினான். "எதிர்ல மணல் மேடு." வேகத்தைக் குறைக்காமல் ஏறினான். "இடது, திரும்பி உடனே வலது." பின்பக்கம் சறுக்கியது. அவன் கை அதற்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தது. வேகம் முப்பதுதான் இருக்கும், ஆனால் அந்த மணலில், அந்த மரங்களுக்கு நடுவில், அது பெரிய ரோட்டில் நான் பார்த்த எந்த வேகத்தையும்விட அதிகமாகத் தெரிந்தது.

நான் ஒரு கண்ணால் அவனையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த என் தம்பி எதிலும் அவசரக்காரன், சோற்றைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறவன். அங்கே உட்கார்ந்திருந்தவன் வேறு ஆள். வாய் பேசவில்லை, தோள் அசையவில்லை. கண் மட்டும் தூரத்தில் ஒன்றைப் பார்த்து, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு இது தெரியும் என்று நினைத்தேன். இவன் சும்மா மிதிக்கிறவன் இல்லை, இவனுக்கு நிஜமாகவே இது தெரியும்.

கடைசியில் ஒரு வரப்பு. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

"புடிச்சிக்கக்கா."

நான்கு சக்கரமும் மண்ணை விட்டன. எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்சில் அளக்கவில்லை. அலறியது நான்தான் என்று இன்றுவரை அவன் சொல்கிறான். நான் சிரித்தேன் என்பதுதான் என் நினைவு. இறங்கியபோது ஜன்னல் வழியாக ஒரு கொத்து முந்திரிப்பூ என் மடியில் விழுந்து கிடந்தது. முன்னால் தார் ரோடு.

"எவ்வளவு இருக்கோம்?"

வாட்சைப் பார்த்தேன். "அம்பது செகண்டு முன்னாடி."

நான் சொல்லாமலேயே அவனே காலை எடுத்தான். இரண்டாவது கியர். எறும்பு ஊர்வது போல, ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டு போனோம். அடுத்த சோதனை இடம் ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் இருந்தது. அங்கிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பார்த்து, "ஜீரோ" என்றார். "சரியான செகண்டு. இன்னிக்கு இந்த எடத்துக்கு முதல் வண்டியே நீங்கதான். மத்தவங்கல்லாம் எங்க?"

டிப்பர் விஷயத்தைச் சொன்னோம். அவர் உடனே போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வழி அடைத்துக்கொண்டதால் அந்தப் பகுதியையே ரத்து செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. முந்திரிக்காட்டில் நாங்கள் பறந்ததற்கும், அந்த ஜீரோவுக்கும், கணக்கில் இடமே இல்லாமல் போனது.

கங்கைகொண்ட சோழபுரத்தில், வண்டிகள் நிறுத்துகிற மைதானத்தில் முடிவுத் தாளை ஒட்டினார்கள். இருபத்திரண்டில் நாங்கள் எட்டாவது. ஜெயங்கொண்டத்துக்குப் பிறகு வாங்கிய பதினேழையும் சேர்த்து அபராதம் ஐந்நூற்று இருபத்தொன்று. முதல் ஐந்நூறு இல்லாமலிருந்தால் இரண்டாம் இடம். நான் மனதில் கழித்துப் பார்த்தேன். அவனும் கழித்துப் பார்த்திருக்கிறான்.

"இருபத்தொண்ணுதான்க்கா நம்ம ரெண்டு பேரோடது" என்றான். "ஐநூறு என்னோடது."

அப்போது நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் எங்களைத் தேடி வந்தார். போட்டியை நடத்துகிறவர்களில் பெரியவர் அவர்தான். "காட்டு வழியா வந்தது நீங்கதானா?" என்றார். பிறகு நின்ற இடத்தில் திட்டினார். கொடுத்த வழியை விட்டு விலகுவது குற்றம், பகுதி ரத்தாகாமல் இருந்திருந்தால் போட்டியிலிருந்தே நீக்கியிருப்பேன் என்றார். நான் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டி முடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"மண்ணுல எங்க ஓட்டிப் பழகுனீங்க?"

"காரையில மேடம். ஒரு தடவதான். அதுவும் பாதியில முழுகிட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, கோயம்புத்தூர் போன் நம்பர் ஒன்று கொடுத்தார். ரோட்டை அடைத்துவிட்டு, ஆளே இல்லாமல், மண்ணில் வேகத்துக்காகவே ஓட்டுகிற போட்டிகள் அங்கே உண்டு, போய்ப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள். "என்னா வாங்குனீங்க?"

"ஒரு எடத்துல ஜீரோ வாங்குனோம்மா" என்றேன்.

"கணக்கு டீச்சரு ஜீரோ வாங்கிக்கிட்டு வந்து பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்கு வந்தேன். தம்பி அந்த நம்பருக்குப் பேசி, உரிமம் வாங்கி, மண் போட்டிகளில் ஓட்ட ஆரம்பித்தான். அதற்கு வழி சொல்கிறவரும் முறையாகப் பயிற்சி எடுக்க வேண்டும். என்னைத்தான் முதலில் கேட்டான். பள்ளியில் தேர்வு நேரம், வயிற்றில் குழந்தை, முடியாது என்றேன். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கிடைத்தான்.

முதல் போட்டியைப் பார்க்க நானும் என் கணவரும் போயிருந்தோம். ஒரு மேட்டில், கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம், கூட்டத்தோடு நின்றோம். என் கணவர் எனக்குக் குடை பிடித்தார். தூரத்தில் சத்தம் கேட்டதுமே அது எங்கள் வண்டி என்று தெரிந்துவிட்டது. திருப்பத்தில் பின்பக்கத்தைச் சறுக்கவிட்டு வந்தது. என் சீட்டில் ஹெல்மெட் போட்ட யாரோ ஒருவன் குனிந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமைதான். பெருமை மட்டும்தான் என்று சொன்னால் பொய்.

"யாரு ஓட்டுறது, தெரிஞ்சவங்களா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"எங்க தம்பி" என்றேன். புழுதி அடங்குவதற்குள் வண்டி மறைந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து, இமையெல்லாம் செம்மண்ணாக எங்களைத் தேடி வந்தான். எத்தனையாவது வந்தான் என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை. என் கையிலிருந்த பையைத்தான் முதலில் பார்த்தான்.

"பசிக்குதுக்கா. என்னா கொண்டாந்த?"

எலுமிச்சை சாதத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டான்.